கடல் எப்போதும் இடது கைப்பக்கம்: சாடோ தீவில் ஐந்து நாள்

மே 28, முதல் நாள். ரியோட்சு துறைமுகம் முதல் மானோ விரிகுடா வரை

ஜப்பானில் சைக்கிள் பயணத்தின் பாதி வேலை சைக்கிளைக் கழற்றுவதுதான். ரயிலில் அப்படியே உருட்டிக்கொண்டு ஏற விடமாட்டார்கள். இரண்டு சக்கரங்களையும் கழற்றி, ‘ரிங்கோ புகுரோ’ என்கிற பெரிய துணிப்பைக்குள் ஒரு முனைகூட வெளியே நீட்டாதபடி கட்டிவிட வேண்டும். கட்டிவிட்டால் அது சைக்கிள் இல்லை, வெறும் சாமான். தனி டிக்கெட் கிடையாது. இந்தக் கட்டுகிற வேலையை டோக்கியோ ஸ்டேஷன் வாசலில் அரை மணி நேரம் வியர்க்க வியர்க்கச் செய்தேன். போகிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்காகவே இந்த ஊரை எனக்குப் பிடிக்கும்.

புல்லட் ரயிலில் நீகாத்தாவுக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து சாடோவுக்குக் கார் ஏற்றும் பெரிய கப்பலில் 67 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். வேகப்படகும் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஆனால் அதில் மேல்தளத்தில் நிற்க முடியாது. பெரிய கப்பலின் இரண்டாம் வகுப்பில் நாற்காலியே கிடையாது. கம்பளம் விரித்த கூடம். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் படுத்துக்கொள்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி மாதிரி இருந்தது. நான் மேலே போய்க் கடல்காகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயணிகள் நீட்டும் இறால் சிப்ஸை விரலில் அலகு படாமல் கொத்திக்கொண்டு போகின்றன. கப்பல் வேகத்துக்குச் சரியாகப் பறக்கின்றன.

சாடோ சின்னத் தீவு இல்லை. 855 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைவிடப் பெரியது. கரையோரமாகவே சுற்றினால் சுமார் 280 கிலோமீட்டர். வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே ஒரு மலைத்தொடர், நடுவில் வயல்வெளி. 1950இல் ஒன்றேகால் லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது ஐம்பதாயிரத்தைச் சுற்றித்தான்.

ரியோட்சுவில் இறங்கிச் சக்கரங்களை மாட்டி, நான்கு பைகளையும் தொங்கவிட்டு, காமோ ஏரிக்கரையோரமாக மிதித்தேன். சிப்பி வளர்க்கும் மிதவைகள் ஏரி முழுக்க வரிசையாக நிற்கின்றன. அதைத் தாண்டினால் வயல். நாற்று நட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. அந்த வயல் ஒன்றில்தான் தோகியைப் பார்த்தேன்.

தோகி என்பது நம் ஊர் அரிவாள் மூக்கனின் உறவுக்காரப் பறவை. முகம் சிவப்பு. இது முட்டையிடும் பருவம் என்பதால் கழுத்தும் முதுகும் சாம்பல் பூசியது போல இருந்தன. சேற்றில் அலகை விட்டுத் துழாவி எதையோ விழுங்கியது. பிறகு பறந்தது. இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்திவிட்டேன். சாயம்போன ரோஜா நிறம். ஜப்பானியர்கள் அந்த நிறத்துக்கே ‘தோகி நிறம்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பறவை ஜப்பானில் ஒரு கட்டத்தில் அற்றுப்போய்விட்டது. 1981இல் காட்டில் மிச்சமிருந்த ஐந்தையும் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள், இனம் பெருகவில்லை. அந்தப் பழைய ஜப்பானிய வம்சத்தின் கடைசித் தோகி 2003இல் செத்தது. 1999இல் சீனா கொடுத்த ஒரு ஜோடியிலிருந்து குஞ்சு பொரிக்கவைத்து, 2008 செப்டம்பரில் பத்துப் பறவைகளை இங்கே பறக்கவிட்டார்கள். இப்போது ஐந்நூறுக்கும் மேல். பறவையை விட்டால் மட்டும் போதுமா, அது தின்னத் தவளையும் பூச்சியும் வேண்டாமா? அதனால் பூச்சிமருந்தையும் ரசாயன உரத்தையும் பாதியாகக் குறைத்து, வயலோரம் தண்ணீர் வற்றாத வாய்க்கால் ஒன்று வெட்டிவைக்கிற விவசாயிகளின் அரிசிக்குத் தனி முத்திரை கொடுக்கிறார்கள். அந்த வாய்க்காலுக்கு ஒரே எழுத்தில் பெயர்: ‘எ’. நான் பார்த்த வயலிலும் அது இருந்தது, ஒரு முழ அகலம்தான்.

சவாதாவில் அரிசி, முட்டை, வெங்காயம், ரொட்டி, அடுப்புக்கு இரண்டு கேஸ் டின் வாங்கினேன். நாளை வடக்கே கடை கிடைப்பது கஷ்டம் என்றார்கள். மானோ விரிகுடாவைப் பார்த்த சின்ன முகாம் மைதானத்தில் டென்ட் அடித்திருக்கிறேன். வேறு டென்ட் எதுவும் இல்லை. இன்று 30 கிலோமீட்டருக்குக் கீழேதான், கால் வலிக்க நியாயமில்லை. ஆனாலும் வலிக்கிறது.

மே 29, இரண்டாம் நாள். ஐகாவா, சொதோகைஃபு கரை, ஃபுதாட்சுகாமே

நாலரை மணிக்கெல்லாம் பளீரென்று விடிந்துவிடுகிறது. ஐந்தரைக்கு டென்டைச் சுருட்டிவிட்டேன்.

தீவை வலஞ்சுற்றாகச் சுற்றுகிறேன். கோயில் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். இங்கேயும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். வலஞ்சுற்றாகப் போனால் கடல் எப்போதும் இடது கைப்பக்கம், நடுவில் எதிர்வண்டி கிடையாது.

ஐகாவாவில் தங்கச் சுரங்கம். 1601இல் தொடங்கி 1989இல் மூடினார்கள். 2024இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஊரிலிருந்து சுரங்கத்துக்கு ஏறும் சாலையிலேயே மலை தெரியும்: உச்சியில் கோடரியால் பிளந்தது போல V வடிவ வெட்டு. அகலம் 30 மீட்டர், ஆழம் 74 மீட்டர். தங்க நரம்பைத் தேடி ஆட்கள் மேலிருந்து கையால் வெட்டிக்கொண்டே போனதில் மலை இரண்டாகிவிட்டது. உள்ளே சுரங்கப்பாதை மொத்தம் 400 கிலோமீட்டர் என்கிறார்கள், நமக்குக் காட்டுவது கொஞ்சம்தான். வெளியே வியர்வை, உள்ளே மார்கழிக் குளிர். இயந்திர பொம்மைகள் உளி அடிக்கின்றன, தண்ணீர் இறைக்கின்றன. அதில் ஒரு பொம்மை, “சீக்கிரம் வெளியே போய்ச் சாராயம் குடிக்கணும்” என்று புலம்பிக்கொண்டே இருக்கிறது. சிரித்துவிட்டேன். அப்புறம் பக்கத்துப் பலகையைப் படித்ததும் சிரிப்பு நின்றது. 1778 முதல், எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துத் தெருக்களில் பதிவில்லாமல் திரிந்தவர்களைப் பிடித்து, இங்கே தண்ணீர் இறைக்க அனுப்பினார்களாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொரியாவிலிருந்து சுமார் 1,500 பேரைக் கொண்டுவந்து இதே மலையில் வேலை வாங்கினார்கள். தங்கம் 78 டன், வெள்ளி 2,330 டன் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஐகாவாவைத் தாண்டினால் சொதோகைஃபு. வெளிக்கடற்கரை என்று சொல்லலாம். மலை நேராகக் கடலில் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் 45ஆம் எண் சாலைக்கு மட்டும் இடம். சில இடங்களில் அதற்கும் இடமில்லை, அங்கெல்லாம் குகைப்பாதை. பின்விளக்கைப் போட்டுக்கொண்டு, லாரி வராமல் இருக்க வேண்டிக்கொண்டு மிதிப்பேன். லாரியும் வரவில்லை, காரும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் என்னைத் தாண்டிய வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கருத்த பலகை வீடுகள், வலைக் கொட்டகை, ஒரு கோயில், ஒரு தபால்பெட்டி. மூடிய பள்ளிக்கூடம் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து முட்டை தின்றேன். கடிகாரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் பின்சக்கரம் கனத்தது. பஞ்சர். ட்யூபை உருவிக் காற்றடித்துக் காதருகில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது. பத்தடி தள்ளி அலை அடித்துக்கொண்டே இருக்கிறது, உஸ்ஸென்ற சத்தம் எங்கே காதில் விழும்? உதட்டருகில் வைத்துச் சுற்றினேன். கடற்காற்று அந்த வழியையும் கெடுத்தது. தண்ணீர் வேண்டும்.

எதிரே வலைக் கொட்டகையிலிருந்து ஒரு தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி, விளிம்பு வரை தண்ணீர். “தராய்” என்று சொல்லிக் கீழே வைத்தார். துணி துவைக்கிற தொட்டிக்கு அந்தப் பேர். ட்யூபை என் கையிலிருந்து அவரே வாங்கி, ஒரு சாண் ஒரு சாணாகத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே வந்தார். விரல் நுனியெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. நாலாவது அமுக்கில் பொடிப்பொடியாய்க் குமிழிகள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நெல்மணி அகலம்கூட இல்லாத ஓட்டை. டயரைத் தடவிப் பார்த்தால், உள்ளே கம்பித் துணுக்கு.

ஒட்டு காயும் வரை பேச்சு. அவருடைய வட்டார ஜப்பானியத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது.

“எங்கேயிருந்து?”

“டோக்கியோவிலிருந்துங்க, தாத்தா.”

“அது சரி. அதுக்கு முன்னால?”

“இந்தியா.”

“ஓ. சைக்கிளிலேயா?”

கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. முகம் அசையவே இல்லை. பக்கத்து வீடுகளில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன். விரலை நீட்டி, “அந்த வீட்டில் விளக்கெரியும். அப்புறம் அதோ, கடைசி வீடு” என்றார். நடுவில் இருந்த வீடுகளைச் சொல்லவில்லை. கிளம்பும்போது அலுமினியத் தாளில் சுற்றிய மூன்று சோற்று உருண்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு என்னிடம் கடலை மிட்டாய்ப் பொட்டலம்தான் இருந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, “பல்லுக்கு ஆகாது” என்றார். ஆனால் பொட்டலத்தைத் திருப்பித் தரவில்லை. நல்லவேளை, பையடியில் இன்னொன்று கிடந்தது.

இவாயாகுச்சியில் சாலை கடலைக் கைவிட்டு மலையில் ஏறுகிறது. தூரத்திலிருந்தே தெரியும், மலைச்சரிவில் Z எழுதியது போல. ஊர்க்காரர்களும் Z மேடு என்றே சொல்கிறார்கள். சுமையோடு மிதித்து ஏறிவிடலாம் என்று நினைத்தேன். முதல் கோட்டில் கியர் தீர்ந்தது, இரண்டாவது கோட்டில் மானம் தீர்ந்தது. மூன்றாவதைத் தள்ளிக்கொண்டு ஏறினேன்.

மேலே கடலுக்கு உயரத்தில் பாலம், அருவி, மறுபடி ஏற்றம். கடைசி வளைவில் ஓனோகாமே. 167 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை, கடலுக்குள் தலைநீட்டிய ஆமை போல. காமே என்றால் ஆமைதான். அதன் காலடிச் சரிவு முழுக்க மஞ்சள். கன்ஸோ என்கிற அல்லி போன்ற பூ. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான் பூக்கும். நாள் பார்த்து வந்ததே இதற்காகத்தான். ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும், மறுநாள் பக்கத்து மொட்டு. சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தேன். தாத்தாவின் சோற்று உருண்டைக்குள் ஊறுகாய்ப் பிளம் இருந்தது. அந்தப் புளிப்புக்கும் உப்புக்கும் உடம்பு எவ்வளவு ஏங்கியிருக்கிறது என்று தின்றபிறகுதான் தெரிந்தது.

ஃபுதாட்சுகாமே அங்கிருந்து பக்கம். இரண்டு ஆமை என்று அர்த்தம். இரட்டைப் பாறைத் தீவு, கரையோடு மணல்திட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே புல்வெளி முகாமில் டென்ட். மாலையில் எங்கோ ஊர் ஒலிபெருக்கியில் இசை ஒலித்தது. குழந்தைகள் விளையாடியது போதும், வீட்டுக்குப் போங்கள் என்பதற்காக ஜப்பான் முழுக்க இப்படி வைப்பார்கள். நான் பார்த்த வரை இன்றைக்கு வழியில் ஒரு குழந்தையும் இல்லை. பாட்டு முழுவதும் ஓடி நின்றது.

வானிலை அறிக்கை நாளைக்கு மழை என்கிறது. போனில் 22 சதவீதம்.

மே 30, மூன்றாம் நாள். மழை

ராத்திரி டென்டுக்கு வெளியே சரசரப்பு. விளக்கடித்தால் இரண்டு கண்கள், வாயில் என் ரொட்டிப் பை. தனுகி. பார்க்க நாய்க்கும் மரநாய்க்கும் நடுவில் இருக்கும். இந்தத் தீவில் கரடி கிடையாது, அந்தத் தைரியத்தில் சாப்பாட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். சாடோவில் நரியும் கிடையாது. தன்சாபுரோ என்ற தனுகித் தலைவன்தான் நரியைத் தீவுக்குள் விடாமல் விரட்டினான் என்று கதை. ஐகாவாவில் அவனுக்குக் கோயிலே இருக்கிறது. ரொட்டியைக் காணிக்கை என்று எழுதிக்கொண்டேன்.

மழை பிடிப்பதற்கு முன்னால் கரையோர ஒற்றையடிப் பாதையில் சாய் நோ கவாராவுக்கு நடந்தேன். கடலைப் பார்த்த குகை. உள்ளேயும் வெளியேயும் கை அளவிலிருந்து முழ உயரம் வரை நூற்றுக்கணக்கான ஜிசோ சிலைகள், சிவப்புக் கழுத்துத் துணி கட்டியவை. ஜிசோ குழந்தைகளைக் காக்கும் பௌத்த தெய்வம். சின்ன வயதில் இறந்த குழந்தைகள் இங்கே கூழாங்கல்லை அடுக்கிக்கொண்டிருக்கும் என்று நம்பிக்கை. கல் அடுக்குகளுக்கு நடுவே பொம்மைக் கார், காற்றாடி, வெயிலில் நிறம்போன குட்டிச் செருப்பு ஒரு ஜோடி. கேமராவை எடுக்கவில்லை. நடக்கும்போது ஒரு கல்லும் காலில் இடறிவிடக்கூடாதே என்று வெளியே வரும் வரை பயம்.

அப்புறம் மழைதான். வஷிசாகி, பிறகு கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ரியோட்சு வரை நாற்பது கிலோமீட்டர். எழுத ஒன்றுமில்லை. ஷூவுக்குள் குளம். டென்டை மறந்துவிட்டு மின்ஷுகு ஒன்றில், அதாவது வீட்டுக்காரர்களே நடத்தும் சின்ன விடுதியில், அறை எடுத்தேன். வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை உட்கார்ந்தேன். வீட்டம்மா இராச்சாப்பாட்டோடு ‘இகோநேரி’ வைத்தார். கடற்பாசியைக் கூழாக்கி ஆறவைத்து, மெல்லிசாகச் சுருட்டி நறுக்கியது. ருசி என்று தனியாக ஒன்றும் இல்லை, கடல் வாசனை மட்டும். இரண்டாவது தட்டும் கேட்டேன்.

மே 31, நான்காம் நாள். இவாகுபி, ஓகி, ஷுகுனேகி

வெயில் திரும்பிவிட்டது. எழுபது கிலோமீட்டர் சொச்சம், காலையிலிருந்தே எதிர்காற்று. தென்கிழக்குக் கரை வடக்கைப் போல மிரட்டாது. சாலை தாழ்வாக, வீட்டு வாசல்களை ஒட்டிப் போகிறது. இவாகுபியில் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மலைமேல் அடுக்கு வயல்களுக்கு நடந்தேன். ஒவ்வொரு வயலும் மலை விட்டுக்கொடுத்த இடத்தில், விட்டுக்கொடுத்த வடிவத்தில். டிராக்டர் திரும்பவே முடியாத மூலைகளில் கையால் நட்ட நாற்று. வரிசை கோணியிருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மேலே நின்றால் வயலுக்கு நேர்க்கீழே கடல்.

ஓகியில் தொட்டிப்படகு. பெயர் ‘தராய்-புனே’. தராய் என்று பலகையில் படித்ததுமே நீலத் தொட்டி ஞாபகம் வந்துவிட்டது. நிஜமாகவே துணி துவைக்கும் தொட்டியிலிருந்து வந்ததுதான். 1802 நிலநடுக்கத்தில் இந்தக் கரை உயர்ந்து, பாறைகள் வெளியே வந்துவிட்டன. நீளப் படகு பாறை இடுக்கில் திரும்பாது. தொட்டி திரும்பும். அதில் உட்கார்ந்து சங்கும் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கப் பழகினார்கள். சுகி என்கிற ஊசியிலை மரப் பலகைகளை நிறுத்தி, மூங்கில் பட்டையால் இறுக்கிக் கட்டியது. இப்போது பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களுக்காக, வைக்கோல் தொப்பி போட்ட அம்மாக்கள் ஓட்டுகிறார்கள்.

ஒகேனக்கல் பரிசலில் போயிருக்கிறேன், இது என்ன பெரிய வித்தை என்று துடுப்பைக் கேட்டு வாங்கினேன். ஒரே துடுப்பு, முன்விளிம்பில் கட்டியிருக்கிறது. தண்ணீருக்குள் எட்டு போடுவது போல அசைக்க வேண்டும். நான் போட்டது எட்டு இல்லை போலிருக்கிறது. தொட்டி இருந்த இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சைக்கிள்தான் உங்களுக்குச் சரி, தம்பி” என்கிற மாதிரி எதையோ சொல்லித் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்.

ஷுகுனேகி பக்கத்திலேயே. வடகடல் வணிகக் கப்பல்கள் ஓடிய காலத்தில் கப்பல்காரர்களும் தச்சர்களும் கட்டிய ஊர். ஒரு சின்னப் பள்ளத்தாக்குக்குள் நூறு வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. சுவரெல்லாம் பலகை, சிலவற்றில் பழைய கப்பல் பலகை. கூரை பறக்காமல் இருக்க மேலே கல். என் பைகளோடு சைக்கிள் சந்துக்குள் நுழையவே இல்லை. ஒரு மூலையில் சந்து எப்படி வளைகிறதோ அப்படியே வளைத்துக் கட்டிய முக்கோண வீடு. கப்பலின் முன்பக்கம் சுவரில் முட்டி நிற்பது போல இருக்கிறது. 1991 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. ஆனால் காட்சிப்பொருள் இல்லை. மாடியில் போர்வை உலர்ந்துகொண்டிருந்தது.

இன்று சோபாமா கடற்கரை முகாம். நீள மணல், நேர் எதிரே சூரியன் விழுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த ரசப்பொடியையும் இங்கே வாங்கிய வகாமே பாசியையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டேன். புளிக்குப் பதில் மின்ஷுகு அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய்ப் பிளம் இரண்டு. அம்மாவிடம் சொன்னால் அதை ரசம் என்று ஒப்புக்கொள்ளமாட்டாள். சட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. சாப்பாட்டுப் பையை இன்றைக்கு டென்டுக்குள் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 1, ஐந்தாம் நாள். மானோ, ரியோட்சு, கப்பல்

சாடோவுக்கு ஒரு காலத்தில் யாரும் விரும்பி வரவில்லை. நாடுகடத்தும் தீவு இது. 1221இல் ஜுன்தோகு என்ற முன்னாள் பேரரசரை அனுப்பினார்கள்; இருபது வருஷத்துக்கு மேல் இருந்து இங்கேயே இறந்தார். 1271இல் நிச்சிரென் என்ற பௌத்தத் துறவி. 1434இல், முகமூடி போட்டு ஆடும் நோ நாடகத்துக்கு உருவம் கொடுத்த ஸேயாமி, எழுபது வயதுக்கு மேல். பின்னாளில் நோ இந்தத் தீவில் விவசாயிகளின் கலையாகவே ஆகிவிட்டது. இன்னும் முப்பதுக்கு மேல் மேடைகள் இருக்கின்றன, பெரும்பாலும் ஊர்க் கோயில்களில்.

மானோவுக்கு அருகே தாய்சென் கோயிலில் ஒன்றைப் பார்த்தேன். கூரை வேய்ந்த மேடை, பின்பலகையில் பைன் மரமும் சிவப்புச் சூரியனும் தீட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் மரம், ஆளரவமில்லை. மேடையின் பலகை மட்டும் அன்றாடம் துடைத்தது போல மின்னியது. விளிம்பில் உட்காரலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று எதிரே புல்லில் உட்கார்ந்தேன்.

அங்கேயே நேரம் போய்விட்டது. கரைவழியே சவாதா போய்ச் சுற்றை முடிக்க நேரமில்லை. வயல்களுக்குக் குறுக்கே நேராக ரியோட்சுவுக்கு மிதித்தேன். வழியில் மூன்று தோகிகள், நிற்கவும் நேரமில்லை. துறைமுகத்தில் மறுபடி சக்கரம் கழற்றி, மூட்டை கட்டி, கடைசி ஆளாக ஏறினேன்.

கம்பளக் கூடத்தில் பக்கத்தில் படுத்திருந்த பாட்டி, என் இடது கை மட்டும் கருத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார். “முழுச்சுற்றா?”

“மானோவுக்கும் சவாதாவுக்கும் நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர் விட்டுப்போச்சு, பாட்டி.”

“அப்போ அது சுற்று இல்லையே” என்றார்.

மறுத்துப் பேச முடியவில்லை. பையடியிலிருந்த கடலை மிட்டாயை எடுத்து நீட்டினேன். அவருக்குப் பல் நன்றாக இருந்தது.